ஒரு மேசையில் ஒரு குப்பி

அக்டோபர் 14, சனி

இன்று அறுநூறு மீட்டர் தூரத்தில் நின்ற ஓர் இரும்புத் தகட்டைச் சுட்டேன். குண்டு பட்டது. சுட்டதிலிருந்து பட்ட சத்தம் என்னிடம் திரும்பி வர இரண்டரை விநாடி ஆயிற்று. அந்த இரண்டரை விநாடியை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த நோட்டு.

கூட்டிக்கொண்டு போனவன் குகதாசன். லாரி ஓட்டுகிறான். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கு வந்தவன். ஆல்பர்ட்டாவில் எங்கள் சிற்றூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் தமிழ் பேசும் வீடுகள் இரண்டு. அவனுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று. மான் வேட்டைக்குப் போகலாம் என்று அவன் நச்சரித்ததால் போன வருடமே துப்பாக்கி உரிமம் எடுத்திருந்தேன். வேட்டை எனக்குப் பிடிக்கவில்லை. இது பிடித்திருக்கிறது. எரிவாயு ஆலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பத்து நாள் வேலை, பத்து நாள் வீடு. தூரம், காற்று, கோணம் என்று கணக்குப் போட்டு, போட்ட கணக்கு சரியா என்று உடனே தெரிந்துவிடுகிற வேலை வேறு எங்கே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து மனைவி செல்லக்கனியிடம் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"ரெண்டரை செகண்டு கழிச்சு டங்குன்னு கேட்டுச்சு."

"அது இல்ல. வெடிக்கிற சத்தம்."

"காதை மூடியிருந்தேன். பெருசாத் தெரியல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நவம்பர் 4, சனி

துப்பாக்கி வாங்கியாயிற்று. மூன்று வாரம் படித்தேன். கடைக்காரர் கரடியை வீழ்த்துகிற பெரிய ரகத்தை எடுத்துக் காட்டினார். குகன் என் சட்டையைப் பின்னால் இழுத்தான்.

"மாரி, உந்த உதையை வாங்கினா பத்து வெடியோட தோள் போயிடும். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடுவீர். சின்னதா எடும்."

ஆறரை மில்லிமீட்டர் ரகம் எடுத்தேன். சுடும்போது தோளில் விழும் உதை குறைவு. தோட்டா எங்கும் கிடைக்கும். கனமான குழல், கன்னம் வைக்கும் பலகையை உயர்த்தித் தாழ்த்தலாம். தொலைநோக்கியில்தான் மனம் அலைந்தது. "துவக்கை விடக் கண்ணாடிக்குத்தான் கூடக் குடுக்கோணும். காணாததைச் சுடேலாது" என்றான் குகன். கேட்டேன். முன்னால் தாங்கும் இரட்டைக் காலில் மட்டும் சிக்கனம் பார்த்தேன். அது இரண்டாவது நாளே ஆடத் தொடங்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாக வாங்கினேன்.

துப்பாக்கியின் பின்கட்டைக்கு அடியில் வைக்க ஒரு பை வேண்டும். என் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி செல்லக்கனி தைத்துக் கொடுத்தாள். உள்ளே பச்சரிசி. கடைப் பையை விட நன்றாக இருக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

பனி. நூறு மீட்டரில் ஐந்து குண்டுகளும் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. ஆனால் தூரம் கூடக் கூடச் சிதறுகின்றன. குகன் வேகமானியை வைத்துப் பார்த்தான். கடைத் தோட்டா ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. "நீர் பிழை இல்லை. தோட்டா பிழை. சொந்தமா அடைக்கப் பழகும்" என்றான்.

டிசம்பர் 9, சனி

நிலவறையில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். இரண்டு நாள் வேலை. அழுத்துபொறியை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். தராசு, வெர்னியர் அளவி, தோட்டாக் கூடுகளை நிறுத்தி வைக்க ஐம்பது குழி உள்ள தட்டு, வெடிமருந்தை அளந்து ஊற்றும் புனல், கையேடு. கையேட்டை முதலில் வாங்கியதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதில் போட்டிருப்பதற்கு மேல் ஒரு துளி கூடாது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுட்ட வெற்றுக் கூட்டைச் சுத்தம் செய்து பழைய அளவுக்கு அழுத்த வேண்டும். அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர். உள்ளே மருந்து. மேலே குண்டு. நான்கே காரியம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

எது என் குழலுக்கு ஒத்துவரும் என்று பார்க்க இரண்டு வகை மருந்து வாங்கியிருந்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்புக் குப்பி, எண் மட்டும் வேறு.

துணிக்கூடையோடு செல்லக்கனி கீழே வந்தாள். கூடையை இறக்கி வைக்காமலே நின்றாள்.

"அந்தக் கம்பளிச் சட்டையக் கழட்டுங்க."

"குளிருது."

"கழட்டிட்டு அந்தத் தண்ணிக் குழாய ஒரு தடவ தொடுங்க. தொட்டுட்டு மேசைக்கு வாங்க."

காய்ந்த குளிரில் உடம்பில் மின்சாரம் ஏறும் என்பது கருவிக்காரனான எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் சொன்னது ஆச்சரியமாக இருந்தது. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள். தொட்டேன்.

"எதுக்கு ரெண்டு குப்பி? ஒரு மேசையில ஒண்ணுதான் இருக்கணும்."

இது பட்டாசு மருந்து இல்லை, வெடிக்காது, எரிய மட்டும் செய்யும், கூட்டுக்குள் அடைத்தால்தான் வேகம் என்று விளக்கினேன். இன்னும் ஏதோ சொன்னாள். நானும் பதில் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். துணியைப் போடாமலே மேலே போய்விட்டாள்.

அவளுடைய அக்கா மாரிக்கனி சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் (பட்டாசுத் தொழிற்சாலைக்கு அங்கே அந்தப் பெயர்) நடந்த விபத்தில் இறந்தவள். கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடத்தில் அதைப் பற்றி ஒரே முறைதான் பேசியிருக்கிறோம். அதனால்தான் பயப்படுகிறாள். போகப் போகச் சரியாகிவிடும்.

டிசம்பர் 10, ஞாயிறு

செல்லக்கனிக்குத் தலைவலி. நான்தான் ரசம் வைத்தேன்.

டிசம்பர் 26, செவ்வாய்

வீட்டில் மெஷின் இருக்கும்போது கடைத்தெருவில் காசு போட்டுத் துவைக்கும் இடத்துக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இது மூன்றாவது வாரம். கேட்டால் "அங்கன சீக்கிரம் காயுது" என்கிறாள்.

இன்று முதல் இருபது தோட்டா அடைத்தேன்.

ஜனவரி 13, சனி

மைனஸ் நாற்பத்தொன்று. ஆலையில் அழுத்தமானிகள் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டின. எது உண்மை என்று கண்டுபிடிப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. துப்பாக்கி சுடும் ரேஞ்ச் மூடியிருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

பலித்துவிட்டது. பத்துத் தோட்டாவுக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. அறுநூறு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கைக்குள். குகன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு என் முதுகில் அடித்தான். ஏப்ரல் போட்டிக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டான்.

இரண்டு மருந்தில் ஒன்று முடிவாகிவிட்டதால் மற்றதை ஆலையில் ஒரு வேட்டைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மேசையில் இப்போது ஒரே குப்பி. இதைச் செல்லக்கனியிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் சொன்னதற்காகக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மார்ச் 2, சனி

குகன் சாப்பிட வந்தான். மீன் குழம்பு. அவனுடைய சின்னத் துப்பாக்கிக்கும் அடைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்ததால் அவன் மருந்துக் குப்பியையும் கூடுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் கூடு சிறியது. அதற்கு வேகமாக எரியும் மருந்து.

சாப்பிடும்போது அவன் செல்லக்கனியிடம், "அக்கா, நீங்களும் ஒருநாளைக்கு ரேஞ்சுக்கு வாங்கோவன். வடிவான இடம். சும்மா பாத்துக்கொண்டு இருக்கலாம்" என்றான்.

"வெடிச் சத்தம் கேட்டது போதும் தம்பி" என்றாள்.

குகன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவள் அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

மார்ச் 30, சனி

குகனுக்கு நாற்பது தோட்டா அடைத்து முடித்தேன். கடைசித் தோட்டாவில் இருக்கும்போது ஆலையிலிருந்து போன். கம்ப்ரஸர் நின்றுவிட்டதாம். கால் மணி நேரம் பேசினேன். பேசிக்கொண்டே புனலில் மிச்சமிருந்த மருந்தைக் குப்பியில் கொட்டினேன். சாப்பிடக் கூப்பிட செல்லக்கனி படி வரை வந்தாள். கீழே இறங்கவில்லை. மேசையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 13, சனி

போட்டிக்கு அறுபது தோட்டா. காலையிலிருந்து ஐந்து மணி நேரம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தேன். எடையில் இம்மி பிசகில்லை. வரிசை எண் போட்டுப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். இதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை இதுதான்.

ஏப்ரல் 20, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் குகனும் நானும் என் வண்டியில் கிளம்பினோம். ரேஞ்ச் கிழக்கே தொண்ணூறு கிலோமீட்டர். கடைசி இருபது கிலோமீட்டர் சரளைப் பாதை. அங்கே போன் எடுக்காது. மொத்தம் பத்தொன்பது பேர். முதல் சுற்றில் பத்துப் பேர். குகன் அதில் சுட்டான், நன்றாகவே சுட்டான். இரண்டாவது சுற்றில் நாங்கள் ஒன்பது பேர். குகன் எனக்கு வலப்பக்கம் மண்டியிட்டுத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டான்.

சுடலாம் என்று உத்தரவு வந்தது. ஒன்றாம் எண் தோட்டாவை உள்ளே தள்ளித் துப்பாக்கியின் பூட்டை மூடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சுடத் தொடங்கிவிட்டார்கள். காற்று இடமிருந்து வந்தது. புல் நிமிரட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போது களத்தை நடத்துகிற ஜோன் என்கிற அம்மாள் இரண்டு கைகளையும் உயர்த்தி, சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். எல்லோரும் பூட்டைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தோம். மான் எதுவும் குறுக்கே வந்ததா என்று பார்த்தேன். குகன் பின்னால் பார்த்துவிட்டு, "மாரி, அக்கா" என்றான்.

வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து செல்லக்கனி ஓடி வந்துகொண்டிருந்தாள். வீட்டில் போடும் செருப்பு. என்னுடைய குளிர்காலக் கோட்டு. முழங்கால் வரை சேறு. ஓடிக்கொண்டே 'சீஸ் ஃபயர்' என்ற இரண்டு ஆங்கில வார்த்தைகளைக் கத்திக்கொண்டிருந்தாள். ஆபத்தைக் காண்கிறவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லிக் கத்தலாம், கேட்டவர்கள் உடனே நிறுத்த வேண்டும் என்று வாசல் பலகையில் சிவப்பில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். காது மூடியிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. ஜோனுக்குக் கேட்டிருக்கிறது.

என்னிடம் வரவில்லை. நேரே ஜோனிடம் போனாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு மடித்த வெள்ளைத் தாளை எடுத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பிரித்துக் காட்டினாள். மருந்துத் துகள்கள். ஜோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு விதமான துகள். நீளக் குச்சி ஒன்று, பாதி நீளத்தில் ஒன்று. நீளம் என்னுடையது. குட்டை குகனுடையது. மார்ச் 30ஆம் தேதி புனலில் மிச்சமிருந்தது குகனின் மருந்து. அதை நான் என் குப்பியில் கொட்டியிருக்கிறேன். அது மேலாக நின்றிருக்கிறது. போட்டிக்கு அடைத்தபோது முதலில் வந்ததும் அதுதான். தராசு எடையைத்தான் சொல்லும். என்ன மருந்து என்று சொல்லாது.

ஜோன் என் தோட்டாவை வெளியே எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். "அத்தனை வேகமருந்து அந்தக் கூட்டில் எரிந்திருந்தால் பூட்டு உங்கள் முகத்துக்கு வந்திருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "உங்கள் நண்பருக்கும்தான்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு செல்லக்கனியின் பக்கம் திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

குகன் எழுந்து போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செல்லக்கனியிடம் ஆறு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது. வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் தவிர எங்கும் ஓட்டியதில்லை. நெடுஞ்சாலையில் ஓட்ட மாட்டேன் என்பாள். தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பும்போது அவள் வண்டியைக் குகன் எடுத்துக்கொண்டான். அவள் என்னோடு வந்தாள்.

சரளைப் பாதை முடிந்தது. நான்தான் கேட்டேன்.

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"போன மாசம் சாப்பிடக் கூப்பிட வந்தேன்ல? மேசையில ரெண்டு குப்பி மூடி தெறந்து கெடந்துச்சு. அதுலேர்ந்து மனசு சரியில்ல. இன்னைக்கு நீங்க போனப்புறம் கீழ போயி உங்க குப்பியத் தாள்ல கொட்டிப் பாத்தேன். நீளத்துக்கு நடுவுல குட்டையும் கொஞ்சம் கெடந்துச்சு."

"பாத்தாத் தெரியுமா?"

"சலிக்கிற வேலதான பாத்தேன். கண்ணுக்கு மறக்குமா?"

எனக்குப் புரியவில்லை. எந்த வேலை என்று கேட்டேன்.

"நான் அந்த ரூம்ல இருந்தேங்க. அக்கா இருந்த ரூம்ல."

ரோட்டைப் பார்த்தே சொன்னாள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் அக்காவோடு வேலைக்குப் போயிருக்கிறாள். பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்த பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று அவளுடைய ஐயா, என் மாமனார், மறைக்கச் சொல்லிவிட்டாராம்.

"அன்னைக்கு ரெண்டு கலவை ரெண்டு பேசின்ல ஒரே ரூம்ல கெடந்துச்சு. அப்படி இருக்கக் கூடாது. ஒண்ணு வெளிய போனப்புறந்தான் இன்னொண்ணு உள்ள வரணும். போர்மேன்கிட்ட சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'உனக்கு என்ன தெரியும், போயி உன் வேலையப் பாரு'ன்னாரு."

முன்னால் குகன் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான். நானும் மெதுவாகப் போனேன்.

"கோவத்துல எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். வாசல்ல நின்னு, எல்லாரும் வெளிய வாங்கன்னு கத்தினேன். உள்ள மூணு பேரு. யாரும் நிமிரல. அக்கா மட்டும் பாத்தா. 'நீ போ கனி, இந்தத் தட்ட முடிச்சிட்டு வாரேன்'னா. வேப்ப மரம் வரைக்குந்தான் போயிருப்பேன்."

வெகு தூரம் கழித்து மறுபடி பேசினாள்.

"இன்னைக்கு ஒம்பது பேரும் கைய எடுத்துட்டாங்க. ஏன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அந்தம்மா நான் யாருன்னுகூடக் கேக்கல. மொதல்ல நிறுத்துச்சு. அப்புறந்தான் கேட்டுச்சு."

பிறகு ஊர் வரும் வரை அழுதாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஊருக்கு வெளியே இருக்கும் குகன் வீட்டுக் கொட்டகையில் அறுபது தோட்டாவையும் பிரித்தோம். அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தோட்டாவைத் தலைகீழாக மாட்டிக் கட்டையில் தட்டினால் குண்டு கழன்று வரும், மருந்து கொட்டும். நான் தட்டினேன். செல்லக்கனி ஒவ்வொன்றையும் தாளில் பரப்பிப் பார்த்தாள். குகன் எழுதினான். முதல் பதினாலு தோட்டாவில் முழுக்க அவனுடைய மருந்து. அடுத்த ஒன்பதில் கலவை. இருபத்துநாலாவதிலிருந்து சுத்தம். சுத்தமானதையும் வைத்துக்கொள்ளவில்லை.

மருந்து முழுவதையும் வெறும் நிலத்தில் மெல்லிய கோடாகப் போட்டு, ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றி செல்லக்கனியே தீ வைத்தாள். கோடு நெடுக மஞ்சளாக ஓடி, உஸ்ஸென்று எரிந்து முடிந்தது.

"வெடிக்கல. எரியத்தான் செஞ்சுச்சு. நீங்க சொன்னது சரிதான்" என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 9ஆம் தேதிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். சொன்னதை எழுதவில்லை. "உனக்கு என்ன தெரியும் இதப்பத்தி, போயி துணியத் துவை. என் மேசையில கை வைக்காத." இதுதான் நான் சொன்னது. நேற்று வண்டியில் அவள் அந்தப் போர்மேன் சொன்னதைச் சொன்னபோது எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் வந்திருக்கும். அவள் சொல்லிக் காட்டவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

காலையில் காபி குடிக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். டிசம்பருக்கு என்றேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலு மாசமாத் துணியத் தூக்கிட்டு அலையுதேன். ஒரு வாரமாவது நீங்க வந்து தூக்கியிருக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

குகன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அவன் வலப்பக்கம் மண்டியிட்டிருந்ததை நானும் மறக்க முடியாமல்தான் இருக்கிறேன்.

மே 5, ஞாயிறு

குகன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாரி, நான் உம்மில கோவமா இருந்தனான். இப்ப இல்லை. ஆனா ஒண்டு. என்ர தோட்டாவை இனி நானே அடைப்பன். சரியோ?"

சரி என்றேன். அவனுடைய குப்பியையும் கூடுகளையும் எடுத்துக் கொடுத்தேன். செல்லக்கனி உள்ளே கூப்பிட்டாள். டீ குடித்துவிட்டுத்தான் போனான்.

எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று அவளிடம் சொன்னேன்.

"யாருக்கு விப்பீங்க? ரெண்டு குப்பி வைக்கிற இன்னொரு ஆளுக்கா?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"ஒழுங்காச் செய்யச் சொல்லுதேன்."

மே 11, சனி

துணியைக் கீழே கொண்டுபோய் மெஷினில் போட்டேன். நான்தான். மேசையில் ஒன்றும் இல்லை. ஒரு குப்பி, அலமாரியில், பூட்டி.

மே 14, செவ்வாய்

செல்லக்கனி இன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படத்தை வைத்தாள். இத்தனை வருடமும் அவளுடைய சூட்கேஸில் இருந்த படம். இரட்டைச் சடை, சிரிக்கிற பெண். இருபத்திரண்டு வயது. விபத்து நடந்தது இந்தத் தேதியிலாம். எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். குகனுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 23, வியாழன்

வேலையிலிருந்து திரும்பினேன். நான் இல்லாதபோது ஜோன் போன் செய்திருக்கிறாள். என்னிடம் பேசுவதற்கு அல்ல. களத்தை நடத்த ஆள் குறைவாம், இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்களாம். உங்கள் மனைவி வருவாரா என்று என்னிடம் கேட்டிருந்தால் அவள் வரமாட்டாள் என்று சொல்லியிருப்பேன். அவளிடமே கேட்டிருக்கிறாள். செல்லக்கனியும் சரி என்று சொல்லிவிட்டாள்.

"வெடிச் சத்தம்?" என்றேன்.

"காத மூடிக்கிறேன்."

ஜூன் 15, சனி

போட்டி. செல்லக்கனிதான் ஓட்டினாள். குகனும் நானும் பின்சீட்டில். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது குகன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் லாரிக்காரன்.

இருபத்திரண்டு பேர். ஜோன் முதல் சுற்றை நடத்தினாள். இரண்டாவது சுற்று செல்லக்கனிக்கு. ஆரஞ்சு நிற மேலங்கி அவளுக்குக் கொஞ்சம் பெரிது. கைகளை மடித்து விட்டிருந்தாள். நான் நான்காவது இடத்தில் படுத்திருந்தேன். புதிதாக அடைத்த தோட்டா. புதுக் குப்பி. காற்று இல்லை, வெயில் நன்றாக இருந்தது. எல்லோருக்கும் சுட வேண்டும் என்ற அவசரம்.

அவள் உத்தரவு கொடுக்கவில்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்து வந்தாள். ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, பூட்டு, தோட்டாப் பெட்டி, பக்கத்தில் இருக்கிறவர் என்று பார்த்தாள். ஏழாவது இடத்தில் இருந்த பெரிய தாடிக்காரரின் பாயில் இரண்டு தோட்டாப் பெட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். அவர் அவளைப் போல இரண்டு மடங்கு இருப்பார். எழுந்து போனார். நாங்கள் பத்துப் பேரும் வயிற்றைப் புல்லில் வைத்துக்கொண்டு, வண்டிகள் நிற்கும் இடம் வரை போய் அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தோம்.

அவர் வந்து படுத்தார். அவள் மறுபடி முதல் ஆளிடமிருந்து பார்க்கத் தொடங்கினாள்.